தானாக அழுந்தும் கிளட்ச்

ஆகஸ்ட் 2, சனி

பக்ருதீன் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி எனக்கு நாட்குறிப்பு எழுதும் வியாதி கிடையாது. "அந்த ஃபால்ட் எப்பெப்ப வருதுன்னு குறிச்சு வைங்க சார், அத வச்சுப் புடிச்சிரலாம்" என்றார். தனக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளனையே வேலை வாங்கும் எலக்ட்ரீஷியனை இப்போதுதான் பார்க்கிறேன். கடை வாசலில் 'ஆட்டோ எலக்ட்ரிக்கல் நிபுணர்' என்று பலகை வேறு.

கோளாறு இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்ச் தானாக அழுந்திவிடுகிறது. எஞ்சின் கூப்பாடு போடுகிறது, வண்டி மட்டும் நகர்வதில்லை. ஏதோ யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடி தானே சரியாகிவிடுகிறது. இன்று இரண்டு முறை. ஒன்று பேகம்பூர் வேகத்தடையில், இன்னொன்று எங்கள் தெருமுனைப் பள்ளத்தில்.

இது சாதாரணக் கார் இல்லை, மாற்றியமைத்த கார். எனக்குச் சிறுவயதில் போலியோ வந்தது. இரண்டு காலும் சும்மா பெயருக்குத்தான்; இடது காலில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு தடி பிடித்து நடப்பேன். அதனால் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். கியர் தண்டின் தலையில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பானெட்டுக்குள் இருக்கும் மோட்டார் கிளட்சை அழுத்தும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதைச் செய்து கொடுத்த பட்டறைக்காரன், வண்டியை ஒப்படைக்கும்வரை 'அண்ணா அண்ணா' என்று உருகினான். இப்போது அண்ணன் கூப்பிட்டால் தம்பி போனை எடுப்பதில்லை.

ஓட்டுவது நானில்லை. என் மனைவி உமாராணியின் தம்பி லோகு. கால் இரண்டும் நன்றாக இருப்பதால் பழைய பெடல்களை மிதித்து ஓட்டுகிறான். அது ஒன்றுதான் அவனிடம் நன்றாக இருப்பது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மறுபடி வந்தது. கறிக்கடைக்குப் போகும்போது. லோகு வண்டியைத் தட்டிக்கொடுத்து "வாடா தங்கம்" என்றான். காரைக் கொஞ்சுகிறவனைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பக்ருதீன் கடையில் அரைநாள் போனது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதல் வேலையாக, காரின் முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாயைப் பக்தியோடு அவிழ்த்துச் சுவரில் ஆணியில் மாட்டினார். உமாராணி கட்டியது. கால் படக்கூடாதாம். தன் மதத்துக்குச் சம்பந்தமில்லாத எலுமிச்சைக்கு இத்தனை மரியாதை காட்டுகிற மனிதர், என் நேரத்துக்குக் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

பானெட்டைத் திறந்து, டெஸ்ட் லாம்ப்பை அங்கே இங்கே வைத்து, வயர் ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டினார். கிளட்ச் ஒன்றும் செய்யவில்லை. வெளியே ஒரு சுற்று ஓட்டினார். வேகத்தடையில் வேண்டுமென்றே குதித்தார். ஒன்றுமில்லை. "வண்டி பக்காவா இருக்கு சார்" என்றார். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போய்விடுகிற பிள்ளை மாதிரி இந்த வண்டி. எலுமிச்சையை மறக்காமல் திரும்பக் கட்டிவிட்டார்.

பொத்தானிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். அந்த மெல்லிய வயர் எங்கேயாவது வண்டியின் இரும்பைத் தொட்டால் போதும், கிளட்ச் அழுந்திவிடும் என்றார். பொத்தான் செய்வதும் அவ்வளவுதான், வயரை இரும்போடு சேர்த்துவிடுகிறது. அப்படியானால் அந்த வயர் எங்கோ தொடுகிறது. எங்கே என்று கண்டுபிடிக்கத்தானே உமக்குப் பலகை. இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆபீஸில் வாழ்த்து மேல் வாழ்த்து. பதவி உயர்வு உத்தரவு வந்துவிட்டது. கண்காணிப்பாளர். வேடசந்தூர் அலுவலகம். செப்டம்பர் பதினைந்தாம் தேதி திங்கள்கிழமை சேர வேண்டும். சேராவிட்டால் பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அடுத்து நிற்பது சவுந்தரராஜன். கூட்டலுக்குக் கால்குலேட்டரைப் பிடித்து, பிறகு அதையும் நம்பாமல் என்னிடம் கேட்கும் ஆள். அவன் இப்போதே என்னைப் பார்த்து, "அவ்வளவு தூரம் தினம் போய்ட்டு வர முடியுமா சார் உங்களால" என்று உருகுகிறான். அந்த உருக்கம் எதற்கு என்று எனக்குத் தெரியாதா.

பஸ்ஸில் போக முடியாது. படி என் இடுப்பு உயரம். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, கண்டக்டர் "பாத்து ஏத்துங்கப்பா, பாவம்" என்று விசில் அடிக்க, அப்படி வருகிற கண்காணிப்பாளர் பதவி எனக்கு வேண்டாம்.

உமாராணிக்குச் சந்தோஷம். கோவிலுக்குப் போனாள். வரும்போது கடையிலிருந்து புதிய எலுமிச்சையும் மிளகாயும் வாங்கி வந்து காருக்கு முன்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாது இது நடக்கிறது. சயின்ஸ் படித்தவள் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

மூன்று முறை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸுக்கு விடுப்பு. மீண்டும் பக்ருதீன். மீண்டும் எலுமிச்சை ஆணிக்குப் போனது, மீண்டும் கோளாறு காணாமல் போனது. இந்த முறை சும்மா அனுப்பக் கூச்சப்பட்டு மோட்டாருக்குக் கரண்ட் விடும் ரிலேயை மாற்றினார். வீடு திரும்பும் வழியில் முதல் வேகத்தடையிலேயே கிளட்ச் அழுந்தியது. உடனே போன் செய்தேன். "கடையில வராத ஃபால்ட்ட நான் எப்டி சார் புடிக்கிறது" என்றார். நியாயமான கேள்வி போல் ஒலிக்கும் முட்டாள்தனமான கேள்வி.

லோகுவும் தன் பங்குக்கு ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னான். வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டு நாளாக ஒன்றுமில்லை. வாரக் கடைசியில்தான் இதற்குக் கிறுக்குப் பிடிக்கிறது. லோகுவின் வேகம் காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

உமாராணிக்கு உடம்பு சரியில்லாத மூன்று நாள். சாமி பக்கம் போக மாட்டாள். விளக்கை நீங்கள்தான் ஏற்றணும் என்றாள். நம்பாதவன் ஏற்றிய விளக்கை எந்தச் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று கேட்டேன். எண்ணெய் ஊற்றும்போது கையில் கொட்டிக்கொள்ளாதீர்கள் என்பது பதில். ஏற்றினேன். கொட்டிக்கொள்ளவும் செய்தேன்.

பக்ருதீன் வீட்டுக்கே வந்து கியர் தண்டின் பொத்தானைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். விடுமுறை நாளில் வேலை செய்வதாக இரண்டு முறை சொன்னார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சனி, ஞாயிறு, திங்கள், இன்று. ஒரு முறைகூட வரவில்லை. பொத்தான்தான் கோளாறு என்று பக்ருதீன் ஊர் முழுக்கச் சொல்கிறார் போல. டீக்கடையில் ஒருவன் என்னிடமே வந்து, "உங்க வண்டிய பாய் சரி பண்ணிட்டாராமே" என்றான். அமுக்காத பொத்தான் எப்படி அழுந்தும் என்று யாரும் கேட்பதில்லை. வேகத்தடைக்கும் பொத்தானுக்கும் என்ன உறவு என்றும் கேட்பதில்லை. நன்றாக ஓடினால் போதும், காரணம் எதற்கு. இந்த ஊர் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் லோகு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் பதினைந்தில் சேர வேண்டும். பதினாலாம் தேதி சாயங்காலம் பஸ். நல்ல பையனாக ஒரு வருஷம் என்னை ஆபீஸில் இறக்கி ஏற்றி, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதில் முதல் உருப்படியான வேலை. அதுவும் நான் சேர வேண்டிய அதே நாளில்.

"வண்டிதான் சரியாயிருச்சே மாமா. லைசென்ஸும் இருக்கு. இனி நீங்களே ஓட்டலாம்" என்றான்.

லைசென்ஸ் இருக்கிறது. மைதானத்தில் எட்டுப் போட்டு வாங்கினேன். எட்டுப் போடும் மைதானத்தில் எதிரே லாரி வராது. நாளை பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

முதுகு வலி. ஓட்டிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

நான் சொன்னேன் அல்லவா.

நேற்றுவரை ஒழுங்காக இருந்த வண்டி இன்று ரயில்வே மேம்பாலத்தில் பல்லைக் காட்டிவிட்டது. ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சாலைக் குழி ஒன்றில் விழுந்து எழுந்தது. கிளட்ச் அழுந்தியது. எஞ்சின் கத்துகிறது, வண்டி மேலே போகாமல் பின்னால் வழுக்குகிறது. பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன். லோகு ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினான். வேன்காரன் இறங்கி வந்து திட்டினான். ஜன்னல் வழியாக என் காலைப் பார்த்ததும் திட்டை விழுங்கிவிட்டு "பரவால்ல சார்" என்றான். நான் முழுத் திட்டையும் கேட்கத் தயாராகத்தான் இருந்தேன்.

நான் கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாக லோகு வீட்டில் வந்து சொன்னான். பிடிக்காமல் என்ன செய்வது, கைப்பிடி அதற்குத்தானே வைத்திருக்கிறது. உமாராணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பாலத்தில் நடந்ததைப் பக்ருதீனிடம் சொன்னேன். இனி முழு வயரிங்கையும் பிரித்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். மாதக் கடைசியில்தான் நேரம் கிடைக்குமாம். நிபுணர்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக இருந்தது. கார் நேற்றிலிருந்து ஒழுங்கு. எனக்கு அதன் நடிப்பெல்லாம் பழகிவிட்டது.

சவுந்தரராஜன் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் இரண்டு முறை கனவு வந்தது. கனவில்கூட கால்குலேட்டர் வைத்திருந்தான்.

ஆகஸ்ட் 30, சனி

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும். நேற்று வெள்ளி, காலையிலிருந்தே வண்டிக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. எலக்ட்ரீஷியனை நம்பிப் பலனில்லை என்று நானே இறங்கினேன். வாசலில் கார் நின்றது. முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பானெட் திறந்திருந்தது. லோகுவை உள்ளே உட்காரவைத்து எஞ்சினை ஓடவிடச் சொன்னேன். வயர்களை ஒவ்வொன்றாகத் தடியால் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. டீ வந்தது. குடித்தோம். எதிர்வீட்டு ஆடு வந்தது.

அந்த ஆட்டைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை. எங்கள் கேட்டில் காயப்போட்ட துண்டைத் தின்றிருக்கிறது. இன்று அது நேராகக் காரின் முன்னால் வந்து, நேற்று உமாராணி புதிதாகக் கட்டிய எலுமிச்சையையும் மிளகாயையும் முகர்ந்து பார்த்தது. வாயில் கவ்வி ஒரு இழு இழுத்தது.

பானெட்டுக்குள் மோட்டார் கர்ரென்று ஓடி கிளட்சை அழுத்தியது.

ஆடு விட்டது. மோட்டார் திரும்பிப் போனது. ஆடு மறுபடி இழுத்தது. மறுபடி கர்ர். லோகு உள்ளிருந்து "மாமா, நான் ஒண்ணும் தொடல" என்று அவசரமாகச் சொன்னான். நான் ஆட்டை விரட்டவில்லை. அது மூன்றாவது முறையும் இழுக்கட்டும் என்று காத்திருந்தேன். இழுத்தது.

குனிந்து பார்த்தேன். உமாராணி எலுமிச்சையைக் கட்டுவது நூலில் இல்லை, கம்பியில். கடையில் கோத்தே விற்கிற மெல்லிய இரும்புக் கம்பி. அதைக் கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டு, கைக்குச் சிக்கியதைச் சுற்றி முறுக்கியிருக்கிறாள். கைக்குச் சிக்கியது ஹாரன் இருக்கும் இரும்புப் பட்டையும், அதை ஒட்டிப் போகிற அந்த மெல்லிய வயரும். பட்டறைத் தம்பி வயரை உறைகூடப் போடாமல் அந்த வழியாக இழுத்துவிட்டிருக்கிறான். வாராவாரம் முறுக்கி முறுக்கிக் கம்பி வயரின் தோலை அறுத்துவிட்டது. பழம் புதிதாக, கனமாக இருக்கும்போது வண்டி குதித்தால் அது ஆடும். கம்பி இழுபடும். வயரின் செம்பைத் தொடும். கிளட்ச் அழுந்தும். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் பழம் வற்றி எடை குறைந்தால் அமைதி. அவள் கட்டாத வாரத்தில் பரம அமைதி. கடையில் அவிழ்த்து ஆணியில் மாட்டினால் கோளாறு எங்கிருந்து வரும்.

நிபுணரும், நானும், இரண்டு கால் நன்றாக இருப்பவனும் ஒரு மாதமாகக் காரின் ஒவ்வொரு பாகத்தையும் சந்தேகப்பட்டோம். அது காரின் பாகமில்லை என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. ஆட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் அது கண்டுபிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வயரின் அறுந்த தோலில் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். கம்பியை அறுத்து எறியாமல் டூல் டப்பாவில் போட்டு வைத்தேன், பக்ருதீனிடம் காட்டலாமென்று. லோகு வண்டியை எடுத்து மேம்பாலத்தில் இரண்டு முறை ஏறி இறங்கினான். ஒன்றும் வரவில்லை.

உமாராணியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கண்ணேறு படக்கூடாதென்று நீ கட்டியதுதான் என்னை மேம்பாலத்தில் பின்னால் உருட்டப் பார்த்தது என்றேன். சயின்ஸ் படித்ததைப் பற்றியும் சொன்னேன். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டேன் போல. அவள் அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இனி கார்ல கட்டல. வீட்டு கேட்ல கட்டிக்கிறேன்" என்றாள்.

போன வருஷம் ஆவணி மாதம் அந்த லாரி சம்பவம் நடந்ததிலிருந்துதான் இவளுக்கு இந்தப் பழக்கம். தாடிக்கொம்பு தாண்டிப் பாலத்தில், என் மூன்று சக்கர ஸ்கூட்டரை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. பெரிதாக ஒன்றுமில்லை. கைப்பிடிச் சுவர் இருந்தது. ஸ்கூட்டர் பழசாகிவிட்டதால் விற்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

லோகு காலையிலேயே சாவியை என் கையில் வைத்தான். இடது இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னுவதைச் சுட்டிக்காட்டினேன். ஒரு வயரிங் கோளாறு இருந்தால் இன்னொன்றும் இருக்கும். பக்ருதீனிடம் அனுப்பினேன். பின்னால் ஒரு பல்ப் போயிருந்ததாம், மாற்றிவிட்டார். வண்டி பக்காவாம்.

செப்டம்பர் 4, வியாழன்

ஹாரன் சத்தம் குறைவாகக் கேட்கிறது. லோகு சரியாக இருக்கிறது என்கிறான். அவன் காதில் எப்போதும் பாட்டு.

செப்டம்பர் 6, சனி

பிரேக் கைப்பிடி கொஞ்சம் இறுக்கம். மழை வரும்போல் இருந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

பக்ருதீன் போனில் சிரித்தார். "சார், நீங்க இத்தன கோளாறு சொல்றதுக்கு ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்களேன்" என்றார். ஆடு கண்டுபிடித்ததைச் சொன்னதிலிருந்து இந்த ஆளுக்கு என்னிடம் மரியாதை குறைந்துவிட்டது. குறைய வேண்டியது அவருடையது.

செப்டம்பர் 10, புதன்

மைதானத்தில் ஓட்டினேன். லோகு பக்கத்தில். கைப்பிடியும் பொத்தானும் சொன்னபடி கேட்டன. மைதானத்து வாசலுக்கு வந்ததும் அவனை மாற்றி உட்காரச் சொன்னேன். ரோட்டில் கூட்டம். கூட்டம் இல்லை என்றான். அவன் கண்ணுக்கு இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

பிரிவுபசார விழா. மாலை, சால்வை, மிக்சர். சவுந்தரராஜன் பேசும்போது, தடைகளை உடைத்தெறிந்த சார் என்றான். பேசிவிட்டு வந்து என் காதருகில், "போக முடியலன்னா திங்கக்கிழமை காலையில எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணிருங்க சார்" என்றான். மாலையைப் போட்டுவிட்டு அதை நான் எப்போது கழற்றுவேன் என்று காத்து நிற்கும் ஆள்.

லோகு பெட்டி கட்டுகிறான். வீட்டு கேட்டில் புதிய எலுமிச்சை தொங்குகிறது.

செப்டம்பர் 13, சனி

உமாராணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். லோகு சலூனுக்கு.

ஸ்டூலைப் போட்டுக் காருக்கு முன்னால் உட்கார்ந்தேன். டேப் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அதைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தேன். மறுபடி ஒட்டவில்லை, பிசின் போய்விட்டது. பரவாயில்லை. பிறகு தோன்றியது, உமாராணியை அன்று அதிகமாகப் பேசிவிட்டேன், அவள் நம்பிக்கையைக் கெடுப்பானேன். கேட்டில் தொங்கியதை எடுத்துக் காரில் கட்டினேன். நூல் தேடினேன், கிடைக்கவில்லை. டூல் டப்பாவில் பழைய கம்பி இருந்தது. அதனால் அந்தக் கம்பி. கைக்குச் சிக்கிய இடத்தில் கட்டினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு, பகல்

கடைசியாக ஒரு முறை மூன்று பேருமாகப் போய்வரலாம் என்றான் லோகு. அவன்தான் ஓட்டினான். பேகம்பூர் வேகத்தடையில் கிளட்ச் அழுந்தியது. எஞ்சின் கத்தியது. இந்த வண்டியை நம்ப முடியாது என்று நான் அப்போதே சொன்னேன் என்றேன்.

லோகு ஓரத்தில் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். முகம் செத்துவிட்டது. பிறகு, "கம்பெனில பேசி ஒரு வாரம் டைம் கேக்கறேன் மாமா. கொடுத்தா கொடுக்கட்டும், இல்லன்னா வேற பாத்துக்கலாம். உங்க பிரமோஷன் போயிரக் கூடாதுல்ல" என்றான். சட்டென்று சொல்லிவிட்டான், யோசிக்கக்கூட இல்லை. யோசித்துச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

உமாராணி பின்னாலிருந்து இறங்கினாள். காரின் முன்னால் போய் நின்றாள். குனிந்து, எலுமிச்சை தொங்கிய கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து தம்பியிடம், "வண்டிக்கு ஒண்ணுமில்லடா. நீ இன்னிக்குப் பஸ் ஏறு" என்றாள். லோகு ஏதோ கேட்க வந்தான். "ஏறுன்னா ஏறு" என்றாள்.

அவனைக் காட்டிக்கொடுக்காமல்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்து, அவன் குளிக்கப் போனபிறகு, என் அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டாள். "நான் பயத்துல கட்டுனேங்க. நீங்க எதுக்குக் கட்டுனீங்க?"

இருபது வருஷத்தில் எத்தனையோ முட்டாள்தனமான கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. மேலே அவனை என்று எழுதியிருக்கிறேன். என்னை என்று எழுதியிருக்க வேண்டும். அவள் காட்டிக்கொடுக்காமல் விட்டது என்னை.

அதே நாள், சாயங்காலம்

லோகு போய்விட்டான். வாசலில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தொடுவதற்கு லாயக்கான கால் இல்லை, இன்றைக்கு எந்த வகையிலும் இல்லை. நன்றாக வேலை பார், சாப்பாட்டைப் பார்த்துக்கொள் என்றேன். மூக்கை உறிஞ்சினான். முப்பத்தைந்து வயதுக்காரன்.

அவன் போனதும் கம்பியை அறுத்துச் சாக்கடையில் எறிந்தேன். புது டேப் வாங்கி வரச்சொல்லி வயரில் சுற்றினேன். நான்கு சுற்று. உமாராணி டார்ச் பிடித்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் சாப்பாட்டுக் கூடையோடு உமாராணி கார் அருகில் நின்றாள். எங்கே என்றேன். வேடசந்தூரில் சந்தை பார்க்க வேண்டுமாம். அங்கே அப்படி என்ன சந்தை என்று கேட்கவில்லை. உள்ளே கண்ணாடியில் ஒரு எலுமிச்சை தொங்கியது. நூலில்.

பயமாக இருந்தது. எழுதிவிட்டேன், போதும்.

சாவியைத் திருகினேன். தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறினேன். கிளட்ச் தன் வேலையை மட்டும் பார்த்தது. உமாராணி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். சித்தி மகள் கல்யாணம், கேஸ் சிலிண்டர், எதிர்வீட்டு ஆடு குட்டி போட்டது. தாடிக்கொம்பு தாண்டியதும் அந்தப் பாலம் வந்தது. பேச்சை நிறுத்தினாள். எதிரே ஒரு லாரி. என் உள்ளங்கை கைப்பிடியில் வழுக்கியது. துடைக்க முடியாது, கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும். அதனால் எடுக்கவில்லை. லாரி அதன் பக்கம் போனது, நான் என் பக்கம் போனேன். பாலம் முடிந்ததும், எத்தனை குட்டி என்று கேட்டேன். மூன்றாம்.

ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். காவலாளி ஓடி வந்து, டிரைவர் எங்கே சார், வண்டியை அந்தப் பக்கம் போடச் சொல்லுங்க என்றான். நானே போட்டேன். உமாராணி சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். சவுந்தரராஜன் பத்தரை மணிக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை.

சாயங்காலம் தனியாகத் திரும்பினேன். ஒருவன் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினான். ஒரு பஸ்காரன் ரோட்டைத் தன் பாட்டன் சொத்தாக நினைத்தான். மேம்பாலத்தில் ஒரு புத்தம் புதிய கார் ஏற்றத்தில் நின்றுபோய் எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தது. நான் பின்னால் பொறுமையாகக் காத்திருந்து, ஹாரன் அடித்து, அவனைச் சுற்றிக்கொண்டு மேலே போனேன். ஹாரன் சத்தம் நன்றாகவே கேட்கிறது.

இந்த ஊரில் ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை.